ஏழரை அடித் தூண்டில்

மின்விசிறியை நிறுத்தியபோது அளவுக்காரரின் கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சியிருந்தது.

தூண்டில் கம்பின் நடுத்துண்டு சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்திருந்தது. நுனித்துண்டைக் காணோம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இரண்டு மாடிக்குக் கீழே ஒரு குப்பை வண்டி, எந்த அவசரமும் இல்லாமல், தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் குவியலுக்கு மேலே கறுப்பாக, மெல்லிசாக ஏதோ ஒன்று ஆடிக்கொண்டே போயிற்று.

"ஏய், நில்லு! ஐயா, நில்லுங்க!"

அதட்டலுக்கும் நிற்கவில்லை, மரியாதைக்கும் நிற்கவில்லை.

அவர் செய்ய நினைத்தது தூசி துடைப்பது மட்டும். துடைத்த மனிதர் கம்பை மூலையில் சாத்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மனைவி செய்வதுபோல ஒரு உதறு உதறி, நுனி எப்படி வளைகிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. மனைவி அதை வெளியே மரத்தடியில் நின்று செய்வாள். இவர் கூடத்தில் நின்று செய்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகள் வருகிறாள். அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இத்தனை நாளில் மகள் எதையும் கேட்டதில்லை. நகையை எடுத்துக்கொள் என்றால் வேண்டாம் என்றாள், துணிமணியும் வேண்டாம் என்றாள். போன வாரம்தான் முதல் முறையாக வாயைத் திறந்து, "அம்மாவோட கயாக் படகும் அந்தக் கம்பும் மட்டும் குடுங்கப்பா" என்று கேட்டிருந்தாள்.

"தாராளமா எடுத்துக்கம்மா" என்று சொன்னவரும் இவர்தான்.

அளவுக்காரர் என்பது அவர் தொழிலால் வந்த பெயர். ஜன்னல் திரைத்துணிக் கடையில் முப்பது வருடமாக அளவெடுக்கிறார். நாடாகூட வேண்டாம். கையை நேராகத் தூக்கினால் விரல்நுனி தரையிலிருந்து சரியாக ஏழரை அடி. அதை வைத்தே பாதி ஊரின் ஜன்னல்களை அளந்திருக்கிறார், கால் அங்குலம் பிசகியதில்லை.

ஆனால் அளப்பது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு. அவர் வீட்டுக்கென்று எதையாவது தேர்ந்தெடுத்துவிட்டால் குடும்பமே கையைப் பிசையும். அவர் தேர்ந்தெடுத்த வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவு சாத்திக்கொள்ளும். அவர் தேர்ந்தெடுத்த நாய் பூனையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போகும். மச்சினருக்கு இவர் பார்த்துச் சேர்த்துவிட்ட கம்பெனியை மூன்றாவது மாதமே இழுத்து மூடிவிட்டார்கள்.

சரியாக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். இருபது வருடத்துக்கு முன்னால், மனைவியின் பிறந்தநாளுக்கு, மீன்பிடிப்பதில் அரிச்சுவடிகூடத் தெரியாமல் ஏரிக்கரைக் கடைக்குப் போய் இவர் வாங்கிவந்த தூண்டில் கம்பு. கயாக்கில் தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போய் பாஸ் என்ற ஏரி மீனைப் பிடிப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம். "அந்த ஒத்தையாள் படகுல அஞ்சாறு கம்பு வெச்சுக்க எடமில்லீங்க. எல்லா இரைக்கும் ஒத்துப்போற மாதிரி ஒரே கம்பு வேணும். அது அமையறது கல்யாணம் அமையற மாதிரி" என்பாள். அமைந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் பத்தொன்பது வருடம் அதே கம்புதான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுக்காரர் எடுத்தது" என்று காட்டுவாள். அளவுக்காரர் கூரையைப் பார்த்தபடி அடக்கமாக நிற்பார்.

தொட மட்டும் விடமாட்டாள். "அளக்கிற கை இதுல படக்கூடாது" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துவிடுவாள். அவள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது என்று இப்போது தெரிந்தது. முதல் முறையாகத் தொட்டார், முடிந்தது.

கம்பு மட்டும் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. போன வருடம் அவளுக்கு உடம்புக்கு வந்தபோது ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். இன்னொரு டாக்டர் மருந்திலேயே பார்க்கலாம் என்றார். மகள் ஆபரேஷன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள் மாத்திரை வாங்க வெளியே போன நேரத்தில் மனைவி இவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. தூண்டில் எடுத்தவராச்சே" என்று சிரித்தாள். அந்த ஒரு சொல் கொடுத்த தைரியத்தில் இவர் மருந்து என்றார்.

ஐந்து மாதம் இருந்தாள். ஆபரேஷன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மகள் மட்டும் எல்லாம் முடிந்த மறுநாள் ஒரே ஒரு முறை கேட்டாள். "நீங்க எதப்பா இதுவரைக்கும் சரியா தேர்ந்தெடுத்திருக்கீங்க?" அவர் மூலையில் சாத்தியிருந்த கம்பைப் பார்த்தார். அவர் பக்கத்துக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். இப்போது அந்தச் சாட்சியின் தலை குப்பை வண்டியில் ஏறிப் போய்விட்டது.

மச்சினர் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார். மனைவியின் தம்பி. அவருக்குத் தெரியாத கைவேலை இல்லை, முடித்துக் காட்டிய கைவேலையும் இல்லை.

"இதெல்லாம் ஒரு விஷயமா மாமா? ஒட்டிடலாம்."

"நுனி இல்லையே மச்சான்."

"இருக்கறத மொதல்ல ஒட்டுவோம். இல்லாததப் பத்தி அப்புறம் கவலப்படுவோம்."

ஒட்டினார்கள். பசை காய்ந்த பிறகு தூக்கிப் பார்த்தால் கீழ்த்துண்டின் வளையங்கள் தரையைப் பார்த்தன, மேல்துண்டின் வளையங்கள் கூரையைப் பார்த்தன.

"தூண்டில் நரம்பு இந்த வளையத்துக்குள்ளதானே போகணும்? இப்ப எப்படிப் போகும்?"

"சுத்திப் போகும்" என்றார் மச்சினர், கொஞ்சம் யோசித்து.

"மீன் சிரிக்கும்டா!"

திருப்பி ஒட்டலாம் என்று முறுக்கினார்கள். இரண்டு துண்டு மூன்றானது. அதோடு மச்சினரின் கட்டைவிரல் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் ஊற்றி, எண்ணெய் தடவி விரலைப் பிரித்தபோது கைப்பிடியின் தக்கையில் ஒரு துண்டும் கூடவே வந்துவிட்டது. மனைவியின் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்த இடம் அது. அளவுக்காரர் அந்தத் துண்டைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மச்சினர் பார்க்காததுபோல் விரலை ஊதிக்கொண்டிருந்தார்.

"புதுசு வாங்கிடுங்க மாமா. அதே மாதிரி. உங்க பொண்ணுக்கு என்ன தெரியப்போகுது?"

"எத்தன அடின்னு வாங்கறது? நுனிதான் போயிடுச்சே."

சொல்லும்போதே அவருக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் அந்தக் கடையில் எந்தக் கம்பை எடுப்பது என்று புரியாமல் நின்றபோது, பழக்கதோஷத்தில் ஒரு கம்புக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல்நுனியும் கம்புநுனியும் ஒரே மட்டம். இது நமக்கென்றே செய்தது என்று அப்போதே எடுத்துக்கொண்டார்.

"ஏழரை அடி!"

"ஏழரையா? கேக்கும்போதே ஒரு மாதிரி இருக்கே மாமா."

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். பழைய முதலாளி காலமாகி, அவருடைய மருமகன் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு மேஜையில் நூல்கண்டுகளும் வளையம் கட்டாத கம்புகளும் இருந்தன, நாற்காலி காலியாக இருந்தது. ஒடிந்ததைச் சரிசெய்ய வழியுண்டா என்று கேட்டுப் பார்த்தார்.

"வளையம் கட்டற அக்கா ஞாயித்துக்கிழமதான் வருவாங்க சார். ரொம்ப வருஷமா இருக்காங்க, கைராசிக்காரங்க. ஆனா நுனியே இல்லேன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? புதுசு பாருங்க. கயாக்குலயா, கரையிலயா?"

"கயாக். பாஸ் மீனுக்கு. எல்லா இரைக்கும் ஒரே கம்பு."

"அப்ப கண்ண மூடிட்டு இத எடுங்க." கடைக்காரர் ஒரு கம்பை நீட்டினார். "ஏழடி. நடுத்தரத்துக்கு ஒரு பிடி மேல கனம். நுனி மட்டும் வளையும், இடுப்பு வளையாது. சின்ன இரையும் வீசலாம், செடிக்குள்ள போட்டு இழுக்கற பெரிய இரையும் வீசலாம். முக்கியமா கைப்பிடி குட்டை. கயாக்குல உக்காந்துட்டுதானே பிடிக்கணும்? கைப்பிடி நீளமா இருந்தா லைஃப் ஜாக்கெட்ல போய் மாட்டிக்கும்."

அளவுக்காரர் வாங்கிப் பிடித்தார். வெள்ளிக்கிழமை தூசி துடைக்கும்போது கையில் இருந்த அதே கனம். ஒரு நொடி அதுவே என்று பட்டது. பக்கத்தில் கையைத் தூக்கினார். அரை அடி குறைந்தது.

கை சொன்னதைவிட அளவு சொன்னதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க நம்பியிருக்கிறார்.

"இது இல்லீங்க."

சுவரோரம் வரிசையாக நின்ற கம்புகளுக்குப் பக்கத்தில் கையைத் தூக்கியபடியே நடந்தார். கடைசியில் ஒன்றின் நுனியும் விரல்நுனியும் ஒரே மட்டத்தில் நின்றன.

"இதுதான்!"

"சார், சார், அது கரையில நின்னு வீசறது. ரெண்டு கையும் போட்டுப் பிடிக்கணும். முரட்டுக் கம்பு. எங்க மாமனார் காலத்துலேர்ந்து வர்ற ரகம்."

"அதேதான். உங்க மாமனார் காலத்துல, இதே எடத்துல நின்னு நான் எடுத்தது. என் சம்சாரம் பத்தொன்பது வருஷம் அதுலதான் பிடிச்சா."

"கயாக்குலயா? இதுலயா?"

"கயாக்குலதான்."

கடைக்காரர் கம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படீன்னா பெரிய கைகாரங்கதான் சார் அவங்க."

"ஆமா" என்றார் அளவுக்காரர். கம்பைச் சுற்றிக் கொடுக்கும்வரை ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வீட்டில் மச்சினர் புதியதையும் ஒடிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாமா, பழச விட இதுல கைப்பிடி ஒரு சாண் நீளமா இருக்கே?"

"பத்தொன்பது வருஷம் பிடிச்சா தேயாதா?"

"ஒரு சாணா தேயும்?"

"உங்க அக்கா பிடி அப்படி. நான்தான் பாத்திருக்கேனே."

அடுத்து, புதியதைப் பழையதாக்கும் படலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள், தக்கை தேங்காய்ப்பூவாக உதிர்ந்தது. கறுக்கட்டும் என்று கொதிக்கக் கொதிக்க டீயைத் தடவினார்கள். நிறம் வரவில்லை என்று மச்சினர் அதில் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினார். நிறம் வந்தது, எறும்பும் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இறங்கிவிட்டவர்களுக்கு எறும்பு ஒரு பொருட்டா? ஊதி ஊதி விரட்டி, பழைய மூலையில் பழையபடி சாத்தினார்கள். நுனி பரணில் இடித்தது. மறுபடி சாய்த்துச் சாத்தினார்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மகள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராக மூலைக்குப் போய்க் கம்பை எடுத்தாள். எடுத்துக் கைப்பிடியை முகத்தருகே கொண்டுபோனாள். அம்மாவின் வாசனை இருக்குமா என்றுதான் பார்த்தாள்.

"என்னப்பா இது, டீ வாசன வருது?"

"உங்க அம்மா டீ குடிச்சுட்டேதானேம்மா பிடிப்பா."

"ஒட்டுது வேற."

"சர்க்கரை தூக்கலா போட்டுக்குவா."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் அவள் சொன்னது வேறு. "எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ அம்மா ஏரியிலயே போட்டுப் பாக்கறேன். நீங்களும் வாங்கப்பா." எட்டு மாதத்தில் அவள் அவரை எங்கேயும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தும் அவரால் முடியவில்லை.

மனைவி இருந்தபோது செய்ததுபோலவே கரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகள் கயாக்கில் போய் அல்லிக்கொடிகளின் ஓரமாக நின்று முதல் வீச்சு வீசினாள். கைப்பிடி லைஃப் ஜாக்கெட்டில் மாட்டி, தூண்டில் முள் அவள் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது முறை இரண்டு கையாலும் வீசினாள். மடியில் இருந்த துடுப்பு நழுவித் தனியாக மிதந்து போனது.

மூன்றாவது வீச்சில் மீன் மாட்டியது.

"அப்பா! பெருசுப்பா!"

அளவுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மீனைக் கயாக் ஓரம்வரை இழுத்துவிட்டாள். எட்டிப் பிடிக்க முடியவில்லை. கம்பு அத்தனை நீளம், இரும்புபோல் விறைப்பு. மீனுக்குக் கை நீட்டினால் கம்பு பின்னால் சாய்ந்தது, கம்பை நிமிர்த்தினால் மீன் தள்ளிப் போனது. கயாக் செக்குமாடுபோல மூன்று சுற்றுச் சுற்றியது. நாலாவது சுற்றில் மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போக, கம்பும் அதே பக்கம் போக, மகளும் போனாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். வெள்ளம் மகளுக்கு இடுப்புவரைதான். கரையில் நின்றவருக்குத்தான் தலைக்கு மேல் போயிற்று.

சொட்டச் சொட்டக் கரையேறி வந்து அவர் முன்னால் கம்பை நட்டு நின்றாள்.

"அப்பா, அம்மா கம்பு எங்க?"

"ஃபேன்ல பட்டுடுச்சும்மா."

"மிச்சம்?"

"மூணு துண்டா பரண்ல இருக்கு. நுனி குப்ப வண்டியில போயிடுச்சு."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே மூச்சில் அழுதாள். அளவுக்காரர் தன் தோள்துண்டை நீட்டினார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லலம்மா" என்றார். "ஆபரேஷனா மருந்தான்னு அன்னைக்கு நீ மாத்திர வாங்கப் போயிருந்தியே, அப்ப உங்கம்மா என்கிட்ட சொன்னா. நீங்களே சொல்லுங்க, தூண்டில் எடுத்தவராச்சேன்னு. சிரிச்சுட்டேதான் சொன்னா. நான் மருந்துன்னேன். அந்தக் கம்பு மூலையில இருந்தவரைக்கும் தெனமும் அதப் பாத்துக்குவேன். இத சரியா எடுத்தவன் அதயும் சரியாத்தான் சொல்லியிருப்பேன்னு ஒரு நெனப்பு. இப்ப அதுவும் கையில இல்ல."

மகள் வெகுநேரம் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"அம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"ஆமாம்மா."

"எனக்குத் தெரியாதுப்பா." துண்டை மடித்து அவர் தோளிலேயே போட்டாள். "அம்மாவே உங்கள நம்பிக் கேட்டிருக்காங்க. நான் யாரு உங்களக் கேக்கறதுக்கு? எந்திரிங்க. இத மாத்திட்டு வேற எடுக்கலாம். நீங்களே எடுங்க."

எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ கொஞ்சம் இறங்கிக்கொண்டதுபோல் இருந்தது அவருக்கு. கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு மகளுக்கு முன்னால் நடந்தார்.

கடையில் இன்று பின்பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு அம்மாள் குனிந்து ஒரு கம்புக்கு வளையம் வைத்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். ஈரக் கம்பையும் ஈர மகளையும் பார்த்த கடைக்காரர், "நான் நேத்தே சொன்னேனே சார்" என்று அந்த ஏழடிக் கம்பை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

மகள் அதை ஒரு உதறு உதறினாள். நுனி மட்டும் வளைந்து நின்றது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"இதுதான்ப்பா. அப்படியே அம்மா கம்பு."

"அது எப்படிம்மா? நான் எடுத்தது ஏழரை அடி. நல்லா ஞாபகம் இருக்கு. இப்படித்தானே அளந்தேன்" என்று அளவுக்காரர் முரட்டுக் கம்பை நிறுத்தி, பக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டினார்.

நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தூக்கிய கையைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களா சார்? இந்தக் கையத் தூக்கி அளந்து அன்னைக்கும் இதே முரட்டுக் கம்பத்தானே எடுத்துட்டுப் போனீங்க! மறுநாளே உங்க வீட்டம்மா கொண்டாந்து ஏழடிய மாத்திட்டுப் போனாங்களே, 'அவருகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, இது ஒண்ணாவது சரியா எடுத்தோம்னு அவரு சந்தோஷமா இருக்கட்டும்'னு!"